போர் வேண்டாம், தம்பி

கமுதி வட்டம்,
10.9.2023 (ஆவணி 24)

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. அங்கே மருமக்களுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா? சித்தப்பா மகன் வியாழக்கிழமை சிங்கப்பூர் கிளம்புகிறான். அவன் பெட்டியில் நாலு கிலோ குண்டு மிளகாய் வற்றலுக்கு இடம் கேட்டேன், இரண்டு கிலோவுக்குத்தான் இசைந்தான். வற்றலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். போனில் உன்னிடம் இதையெல்லாம் பேச முடியவில்லை. நான் ஒரு சேதியைத் தொடங்குவதற்குள் "எவ்வளவு அனுப்பட்டும், அக்கா?" என்று கேட்டுவிடுகிறாய். நீ அனுப்பவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எதற்கு அனுப்புவது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீ அனுப்பிய வீடியோ உனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. டீக்கடையில் "எல் நினோ வந்துட்டானாமே" என்று ஆள் வந்த மாதிரிதான் பேசிக்கொள்கிறார்கள். வீடியோவில் பேசியவர் பொய் சொல்லவில்லை. பெரு நாட்டுப் பக்கம் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகியிருக்கிறதாம். அப்படிச் சூடாகிற வருஷங்களில் நம் நாட்டின் தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பாலும் தளர்ந்துபோகும். இந்த ஆகஸ்டிலேயே அது தெரிந்துவிட்டது. 1901-லிருந்து வைத்திருக்கிற கணக்கில் நாடு முழுக்க எந்த ஆகஸ்டிலும் இவ்வளவு குறைவாகப் பெய்ததில்லை, 36 சதவீதம் குறைவு என்றார்கள். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்துவிட்டார்கள், இப்போது நீர்மட்டம் பாதிக்கும் கீழே. தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை காய்கிறதைத் தினமும் டிவியில் காட்டுகிறார்கள்.

ஆனால் நமக்கு எந்தக் காலத்தில் ஆடியிலும் ஆவணியிலும் பெய்தது? நம் மாவட்டத்துக்கு வருஷத்துச் சராசரி 827 மில்லிமீட்டர் என்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று கொண்டுவருவது. அந்தக் காற்றுக்கும் எல் நினோவுக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. இதை எனக்கு விளக்கிச் சொன்னது உன் மருமகள்தான். அவளை மதுரை வேளாண்மைக் கல்லூரியில் சேர்த்துவிட்டதற்கு இந்த ஒரு விஷயத்தில் பலன் கண்டுவிட்டேன்.

2015-ஐ எடுத்துக்கொள். அது பெரிய எல் நினோ வருஷம். நாடு முழுக்கத் தென்மேற்கு மழை 14 சதவீதம் குறைந்தது. அதே வருஷம்தான் சென்னை முழுகியது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு மழை வழக்கத்தைவிடப் பாதி அளவு கூடுதலாகக் கிடைத்தது. அடுத்த வருஷம் எல் நினோ இல்லை. ஏப்ரலிலேயே வானிலைத் துறை, நாட்டுக்கு 106 சதவீதம் மழை என்று நல்ல சேதி சொன்னது. 97 கிடைத்தது, பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் வடகிழக்குப் பருவம் நம்மைக் கைவிட்டுவிட்டது, 62 சதவீதம் குறைவு. நம் பக்கத்து இந்துமாக்கடலிலும் இப்படி ஒரு மாற்றம் உண்டாம். மேற்குப் பக்கம் சூடாகிக் கிழக்குப் பக்கம் குளிர்ந்தால் நமக்கு நல்லது. 2016-ல் அது தலைகீழாக இருந்தது. இந்த வருஷம் நல்ல பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்கிறாள் உன் மருமகள்.

அதற்காக இந்த ஐப்பசியில் மழை கொட்டப்போகிறது என்று நான் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து விதைக்காமல் இருந்தாலும் சரி, இன்னொன்றைப் பார்த்து இருக்கிற நிலம் முழுக்க விதைத்தாலும் சரி, இரண்டும் ஒரே மாதிரி முரட்டுத்தனம்தான்.

நம்மூர்க் கணக்கு உனக்கு மறந்திருக்கும். வடகிழக்குப் பருவத்துக்கு என்று வானிலைத் துறை தனியாக ஒரு கணிப்பு சொல்லும். அது வருவதற்குள் செப்டம்பர் முடிந்துவிடும். நாம் புரட்டாசி பிறந்ததுமே புழுதியில் விதைத்தாக வேண்டும். ஐந்து கொத்துக் கலப்பையை ஓட்டி, கட்டி உடைத்து, காய்ந்த மண்ணில் காய்ந்த நெல்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். அவர்கள் சொல்லும்போது நம் விதை மண்ணுக்குள் இருக்கும். சொல்வதும் தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் கர்நாடகம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண். கமுதியில் பெய்கிற மழை நம்மூர் எல்லைக்கு வருவதற்குள் நின்றுவிடுவதை நீயே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாய். அவர்கள் எண் சரியாகவே இருந்தாலும் அதில் என் கரிசல் எங்கே இருக்கிறது?

2016-ல் நீ இங்கே இல்லை. நிவாரணம் வந்தது, இன்சூரன்ஸ் வந்தது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். நடந்தது இது. ஊரே புழுதி விதைப்பு விதைத்திருந்தது. புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. ஒரு உழவு மழை என்று சொல்ல முடியாது, அதற்கும் கொஞ்சம் குறைவு. கொழு இறங்குகிற ஆழத்துக்குப் பாதிவரைதான் ஈரம். ஆனால் நெல் முளைப்பதற்கு அது போதும். நாலைந்து நாளில் வயல் முழுக்கப் பச்சை ஊசி குத்தின மாதிரி முளைத்து நின்றது. ஊரில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. பிறகு வானம் வாயைத் திறக்கவில்லை. முதலில் நுனி பழுத்தது, அப்புறம் வேர் காற்றாடியது, கரிசல் வெடித்து வேரை இரண்டாகப் பிய்த்துப்போட்டது. அந்த மழையும் பெய்யாமலே இருந்திருந்தால் விதை உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கும். எறும்பும் குருவியும் தின்றது போக மீதி அடுத்த மழைக்கு எழுந்திருக்கும். நம்மைக் கெடுத்தது அந்த அரைகுறை மழைதான். டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. நமக்கு அதில் ஒரு உழவுகூட இல்லை. ஜனவரி 10-ஆம் தேதி 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். நம்மூரில் அறிவிப்பு வரும்முன்பே வயல்களில் ஆட்டை விட்டாகிவிட்டது.

ஆகவே தம்பி, "இந்த வருஷம் வறட்சியா இல்லையா?" என்று நீ கேட்கிற கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. எனக்கு வேண்டியது, முதல் மழைக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் அடுத்த மழை உண்டா என்பது. பருவம் முழுக்கச் சேர்த்து 500 மில்லிமீட்டர் வந்தாலும், அது மூணே நாளில் கொட்டிவிட்டுப் போனால் கண்மாய்க்கு லாபம், புஞ்சைக்கு நட்டம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது வியாழக்கிழமைதோறும் வானிலைத் துறை வெளியிடுகிற நாலு வாரக் கணிப்பு. அதை உன் மருமகள் படித்துச் சொல்கிறாள். முதல் இரண்டு வாரத்தை நம்பலாம், மற்றதைக் காதில் வாங்கிவைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. செவ்வாயும் வெள்ளியும் வட்டாரத்துக்கு என்று ஐந்து நாள் அறிக்கை வரும். அது மருந்தடிக்கவும் உரம் போடவும் உதவுகிறது. போன வருஷம் யூரியா வாங்கி வைத்துவிட்டு அதைப் பார்த்துத்தான் இரண்டு நாள் பொறுத்தேன், மழையில் கரைந்து போகாமல் தப்பியது.

அய்யா காலத்தில் இதெல்லாம் ஏது? சித்திரை ஒண்ணாம் தேதி கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று. இப்போதும் படிக்கிறார்கள், நானும் போய் உட்காருகிறேன். மழையைத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அங்கேதான் இந்த வருஷம் யார் என்ன விதைக்கப் போகிறார்கள், யாரிடம் விதை நெல் மிச்சம் இருக்கிறது, எந்த மடை பழுது என்று எல்லாம் பேச்சில் வரும். அய்யாவுக்குப் பஞ்சாங்கத்தைவிடக் கர்ப்போட்டத்தில் நம்பிக்கை. மார்கழிக் கடைசியில், சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கிற பதினாலு நாளும் விடிகாலையில் எழுந்து மேகம் ஓடுகிறதா, எந்தத் திசைக்கு ஓடுகிறது என்று பார்ப்பார். அந்தந்த நாள் மேகம் வரப்போகிற வருஷத்தில் அந்தந்தக் காலத்து மழை. அவர் நோட்டு இன்னும் பரணில் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன். மேகம் ஓடியதை எழுதியிருக்கிறார், அதற்கு எதிரே மழை பெய்ததா என்பதைச் சில இடங்களில்தான் எழுதியிருக்கிறார். பலித்த இடங்களில் என்று நினைக்கிறேன். கர்ப்போட்டம் பலித்ததை ஊர் பத்து வருஷம் சொல்லும், பொய்த்ததை மறுநாளே மறந்துவிடும். வானிலைத் துறைக்கு நேர் எதிர். அவர்கள் சொன்னபடி பெய்தால் அதை யாரும் கவனிப்பதே இல்லை, ஒரு தடவை தப்பினால் பொங்கல் வரைக்கும் கேலி. அவர்கள் தப்பியதெல்லாம் எழுத்தில் இருக்கிறது, அதனால்தான் எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் கூடுதல் மரியாதை.

உனக்கு ஒன்று தெரியுமா, இந்த வானிலைத் துறைக்கு மழையை முன்கூட்டிச் சொல்கிற வேலையே பஞ்சத்தால் வந்தது. 1875-ல் துறையை ஆரம்பித்தார்கள். பின்னாலேயே அப்பத்தா கதை கதையாகச் சொல்லுமே, அந்தத் தாது வருஷப் பஞ்சம். அப்போது துறைத் தலைவராக இருந்த பிளான்போர்டு என்ற வெள்ளைக்காரரை வெள்ளைக்கார சர்க்கார் நெருக்க, அவர் இமயமலையில் எவ்வளவு பனி கிடக்கிறது என்று பார்த்துக் கணிக்க ஆரம்பித்தார். பனி அதிகம் கிடந்தால் மழை குறையும் என்று. 1886 முதல் அதை முறையாகவே வெளியிட்டார்கள். பிறகு வாக்கர் என்று ஒருவர் வந்து, உலகம் முழுக்கக் காற்றழுத்தக் கணக்குகளை வாங்கிவைத்துக் கூட்டிக் கழித்து, பசிபிக்கிலும் இந்துமாக்கடலிலும் அழுத்தம் ஒன்று ஏற மற்றது இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். உன் வீடியோவில் வருகிற எல் நினோவுக்கு வேர் அங்கேதான். அய்யா மார்கழி மேகத்தைப் பார்த்தார், பிளான்போர்டு இமயமலைப் பனியைப் பார்த்தார். இரண்டு பேருக்குமே ஆறு மாதம் முன்னால் தெரிய வேண்டும் என்கிற தவிப்பு.

இனி இந்த வருஷம் நான் செய்வதைச் சொல்கிறேன். கண்மாய்க்குக் கீழே இருக்கிற நஞ்சையில் மட்டும் நெல். அதுவும் அண்ணா 4. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் வந்த ரகம், நூறு நூற்றைந்து நாளில் முடிந்துவிடும். முந்தி நாம் போட்ட நீண்ட கால ரகம் மார்கழி, தை வரைக்கும் ஈரம் கேட்கும். இது கார்த்திகை மழை கைகொடுத்தால் போதும், மற்றதைத் தாக்குப்பிடிக்கும். விதையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தித்தான் போடுகிறேன். அப்படிச் செய்த விதை இடையில் காய்ச்சல் வந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. அதையும் ஒரே நாளில் விதைக்கவில்லை. பாதி புரட்டாசி பிறந்ததும், பாதி இரண்டு வாரம் கழித்து. அரைகுறை மழை வந்து முதல் பாதி போனாலும் இரண்டாவது பாதி உள்ளே கிடக்கும். மேட்டுக் கரிசலில் ஒரு பங்கு குதிரைவாலி. அது விளைந்தால் நமக்கு, விளையாவிட்டால் மாட்டுக்கு. மிளகாயை மட்டும் முதல் மழைக்கு விதைக்கமாட்டேன், இரண்டாவது மழை நின்று மண் கையில் பிடிபட்ட பிறகுதான். பிப்ரவரியில் நம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்ததிலிருந்து எல்லாருக்கும் மிளகாய் ஆசை வந்துவிட்டது. குறியீடு விலையைத் தருமோ என்னவோ, மழையைத் தராது. ஒரு துண்டு நிலத்தைச் சும்மா போடுகிறேன். உன் அத்தானுக்கு அதில் வருத்தம். சும்மா கிடக்கிற நிலத்துக்கு நான் கடன் வாங்கியிருக்கமாட்டேனே என்று கேட்டேன், பேசாமல் போய்விட்டார்.

இப்படிப் பிரித்துப் போட்டால் நல்ல வருஷத்தில் பக்கத்து வயல்காரனைவிடக் குறைவாகத்தான் எடுப்பேன். தெரிந்தேதான் செய்கிறேன். நல்ல வருஷத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் கெட்ட வருஷத்தில் நகை பெட்டியில் இருக்கும்.

இன்சூரன்ஸ் கட்டிவிட்டாயா என்று கேட்டிருந்தாய். நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், கட்டாமல் இருப்பது பைத்தியக்காரத்தனம். கடைசித் தேதிக்குள் அடங்கல் வாங்கித்தான் கட்டுவேன். ஆனால் அதை நம்பி விதைக்க முடியாது. என் வயல் காய்ந்ததா என்று அவர்கள் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமத்தில் சில வயல்களைப் பொறுக்கி அறுத்துப் பார்த்து, அந்தச் சராசரியை ஊருக்கே வைக்கிறார்கள். கிழக்கே நாலு பேருக்கு விளைந்து நமக்கு விளையாவிட்டால் நமக்குக் காசில்லை. வழக்கமான விளைச்சல் என்பதையும் கடைசி ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷத்தை எடுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். காவிரிக்கரையில் அது நியாயமான கணக்கு. அடிக்கடி காய்கிற நம்மூரில் அந்த "நல்ல ஐந்தி"லேயே இரண்டு மூணு காய்ந்த வருஷம் உட்கார்ந்துகொள்ளும். வழக்கமே சுருங்கிப்போனால் நட்டமும் சுருங்கித்தானே தெரியும்?

இப்போது போர்வெல் விஷயத்துக்கு வருகிறேன். போர் போட நீ பணம் தருகிறேன் என்பது பாசத்தில் சொல்வது, எனக்குத் தெரியும். வேண்டாம். நம் பக்கத்தில் கீழே போகப் போக உப்பு. கண்மாய்க்குத் தெற்கே ஒருவர் கடன் வாங்கிப் போட்டார், தண்ணீர் வந்தது, வாயில் வைக்க முடியவில்லை. இருந்தாலும் செலவழித்துவிட்டோமே என்று அதையே மிளகாய்க்குப் பாய்ச்சினார். ஒரு பட்டம் தாங்கியது. அடுத்த வருஷம் மண்மேல் வெள்ளை பூத்துவிட்டது. மழை பொய்த்தால் ஒரு பட்டம்தான் போகும், உப்பு ஏறினால் நிலமே போகும். காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள், அந்தத் தண்ணீர் வந்தால் பேரப்பிள்ளைகள் பாய்ச்சிக்கொள்ளட்டும்.

அந்தப் பணத்தில் எனக்கு இரண்டு காரியம் செய்துகொடு. ஒன்று, மேட்டுக் கரிசலின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை. வேளாண்மைப் பொறியியல் துறையில் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும், அவர்கள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டும் போய்விட்டார்கள். ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்தால், மிளகாய் பூக்கிற நேரத்தில் ஒரு தண்ணீர் காட்டிவிடலாம். அந்த ஒரு தண்ணீரில்தான் செடி பிழைப்பதும் போவதும் இருக்கிறது. கரிசல் தண்ணீரை நன்றாகவே பிடித்துவைக்கும், தார்ப்பாய் விரிக்கச் சொல்லி யாராவது உன்னிடம் பேசினால் காது கொடுக்காதே. இரண்டாவது, பத்துப் பதினைந்து செம்மறி. மழை பொய்த்த வருஷத்தில் ஊரில் கையில் காசு புழங்கியது ஆடு வைத்திருந்தவர்களிடம்தான். காய்ந்த பயிரும் ஆட்டுக்குத் தீவனம். இங்கே மேய்ச்சல் தீர்ந்தால் கீதாரிகளோடு சேர்த்து அனுப்பிவிடலாம், தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுவிட்டு வருவார்கள்.

மற்றவர்கள் பாட்டைக் கேட்டாயானால், நூறு நாள் வேலை ஓடுகிறது. அதுவும் இல்லாத நாளில் கரிமூட்டம். 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கச் சொன்னபோது எல்லாரும் சரிதான் என்றார்கள், நானும்தான். ஆனால் அந்த வருஷம் நம்மூரில் பாதி வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த முள்ளைச் சுட்ட கரிக்காசில். நம் பக்கத்தில் போட்டிருக்கிற சோலார் பலகைகளை நீ பார்த்ததில்லையே? 648 மெகாவாட்டாம். பஸ்ஸில் போகும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்பாகப் பளபளக்கிறது. மேகம் வராத ஊர் என்றால் நமக்குச் சாபம், சோலார்காரர்களுக்கு வருமானம். அந்தப் பக்கம் நிலத்தை விற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நம்மிடமும் கேட்டு வந்தார்கள், உன் பங்கையும் சேர்த்து. நீ என்ன நினைக்கிறாய் என்பதைப் பொங்கலுக்கு வரும்போது நேரில் சொல். அதுவரை நான் விதைக்கிறேன்.

கண்மாயில் இப்போது தண்ணீர் சுத்தமாக இல்லை. வரத்துக்கால் அடைப்பை எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். நம் வீட்டுக்கு உன் அத்தான் போகிறார். வெளியூரில் இருக்கிறவர்கள் ஆள் கூலி கொடுக்க வேண்டும் என்று உன் பங்குக்கு 600 ரூபாய் எழுதியிருக்கிறார்கள், அதை நான் கட்டிவிட்டேன், நீ தனியாக அனுப்பவேண்டாம்.

குட்டைக்கும் ஆட்டுக்கும் அனுப்புகிற பணத்தை என் கணக்கில் போடாதே. அதில் நகைக் கடன் நிலுவை இருக்கிறது, வந்ததும் பிடித்துக்கொள்வார்கள். உன் மருமகள் கணக்கு எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். புரட்டாசி பாதிக்குள் அனுப்பினால் மழைக்கு முன்னால் குட்டையை வெட்டிவிடலாம். வற்றல் இந்த வருஷத்துக் காரம், குழம்புக்கு வழக்கமாகப் போடுவதில் பாதி போடச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா